பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு பிளக்: காபரேற்றர் திருகிய கைகளின் வரலாறு

பைக்கின் கொம்பனிச் சைலன்சரைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் சத்தம் மாறும். இது எல்லாருக்கும் தெரியும். அதோடு எஞ்சின் மூச்சுவிடுகிற விதமும் மாறும் என்பது பூட்டின ஆக்களுக்கே பலநேரம் தெரியாது. ரெண்டு நாளில் பைக் கதை சொல்லத் தொடங்கும். த்ரொட்டிலை விட்டால் பின்னால் 'படக் படக்' என்று வெடிக்கும். முறுக்கினால் ஒரு நொடி யோசித்துவிட்டு இழுக்கும். எஞ்சின் வழமையை விடச் சூடாகும். கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரே ஒரு வசனம்தான் வரும்: "காபரேற்றர் செற் பண்ணோணும் தம்பி."

அந்தச் 'செற் பண்ணுற' வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடை, யப்பானில் ஒரு விமான மெக்கானிக், அமெரிக்காவில் ஒரு சட்டம் என்று சுற்றி, பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணம் வரைக்கும் வருகிறது. கலைப்பீடத்தில் நாங்கள் மன்னர்களின் ஆட்சியாண்டுகளைப் படிக்கிறோம், ஒப்பந்தங்களின் திகதிகளைப் பாடமாக்குகிறோம். கிறீஸ் பிடித்த கைகளில் இருந்த அறிவுக்கு எங்கட பாடத்திட்டத்தில் இடமில்லை. இந்தக் கட்டுரையில் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்துப் பார்க்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன?

காபரேற்றர் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. எஞ்சின் மூச்சை இழுக்கும்போது காற்று ஒரு குழாய் வழியாக உள்ளே போகும். குழாயின் நடுவில் இடம் ஒடுங்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக ஓட, அங்கே அழுத்தம் குறையும். கீழே சின்னக் கிண்ணத்தில் நிற்கிற பெற்றோல், 'ஜெற்' எனப்படும் மிகச்சிறு துளை வழியாக மேலே ஏறித் தூறலாகக் காற்றோடு கலக்கும். 1893 அளவில் ஜேர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் இந்த முறையில் காபரேற்றர் செய்தார். அதே ஆண்டு ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சொங்கா என்ற இருவர் இதே யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்தும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேணும். காற்று கூடினால் கலவை 'லீன்', பெற்றோல் கூடினால் 'ரிச்'. கொம்பனி ஜெற்றின் அளவைத் தீர்மானிப்பது ஏர் ஃபில்டர், எஞ்சின், சைலன்சர் மூன்றையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்துத்தான். தடை குறைந்த சைலன்சரைப் பூட்டினால் எரிந்த வாயு இலகுவாக வெளியேறும், உள்ளே வருகிற புதுக்காற்று கூடும். ஜெற்றின் துளை மட்டும் பழையபடி இருக்கும். கலவை லீன் ஆகும். லீனாக ஓடுகிற எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். அப்படியே கனகாலம் முழு வேகத்தில் ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் பழுதாகலாம்.

வீட்டில் இதைச் சரிசெய்கிறவர் காபரேற்றரை மூன்று பகுதியாகப் பிரித்துப் பார்ப்பார். ஐட்லிங்கிலிருந்து கால்வாசி த்ரொட்டில் வரை பைலட் ஜெற்றும் அதற்குரிய திருகாணியும் ஆளும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசி. அதற்கு மேலே மெயின் ஜெற். மெயின் ஜெற்றை ஒன்றிரண்டு அளவு பெரிதாக்குவார்கள். கெய்ஹின் ஜெற்றில் 100 என்று இருந்தால் துளை 1 மில்லிமீற்றர், 105 என்றால் 1.05 மில்லிமீற்றர். மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கான இந்த நுணுக்கத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, எண்ணைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஊசித் தலையில் இருக்கிற கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும். திருகாணியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருப்பத்தான் பெற்றோல் கூடும். இது தெரியாமல் திருகுகிறவர் நோய்க்கு எதிரான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெள்ளையாக வெளிறி இருந்தால் லீன். கரி பிடித்துக் கறுத்திருந்தால் ரிச். நடுவில் ஒரு மண்ணிறம், நாங்கள் குடிக்கிற பால்தேத்தண்ணியின் நிறம், வந்தால் சரி. ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தில் இந்த நிறம் இன்னும் தெளிவாக விழும். இலங்கையில் 2002இல் ஈயம் நிறுத்தப்பட்ட பிறகு பிளக் வாசிப்பது கொஞ்சம் கடினமாகிவிட்டது.

கடையில் விற்ற எண்கள்

இந்த வேலை கொம்பனியின் கையிலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்த கதையைப் பிரித்தானியாவிலிருந்து தொடங்கலாம். 1927இல் மூன்று காபரேற்றர் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பேர்மிங்ஹாமில் 'அமால்' உருவானது. பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அமால் காபரேற்றரோடுதான் வந்தன. அதன் ஜெற்றுகளில் எண் பொறித்திருக்கும். தனித்தனியாகக் கடையில் வாங்கலாம், ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடலாம். அதாவது எஞ்சினின் கணக்கு ஓட்டுகிறவருக்கும் திறந்திருந்தது.

போருக்குப் பிந்திய பெற்றோல் பங்கீடு அங்கே 1950 மே மாதம் முடிந்தது. அந்தத் தசாப்தத்தில் தவணைக் கட்டணத்துக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிய தொழிலாளர் வீட்டுப் பெடியள் லண்டன் வடக்குச் சுற்றுவீதியில் இருந்த 'ஏஸ் கஃபே'யில் கூடத் தொடங்கினார்கள். லொறிக்காரருக்காக 1938இல் திறந்த கடை அது. குண்டுவீச்சில் இடிந்து 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. ரேஸ் பைக் வாங்குகிற வசதி அந்தப் பெடியளுக்கு இல்லை. வேலைக்குப் போய்வருகிற அதே பைக்கை இரவில் ரேஸ் பைக் ஆக்கினார்கள். நோர்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ப் எஞ்சினை ஏற்றி 'ட்ரைட்டன்' என்று பேர் வைத்தார்கள். சைலன்சரை மாற்றினார்கள், பிறகு ஜெற்றை மாற்றினார்கள். பீஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் போன்ற பைக்குகள் பெரிய ரேஸ் காபரேற்றரோடும் பின்நோக்கி வளைந்த எக்ஸோஸ்ற் குழாயோடும் வந்து, வேகத்துக்கும் ஐட்லிங்கில் ஒழுங்காக நிற்காததற்கும் சேர்த்தே பேரெடுத்தன. போல் டன்ஸ்டோல் போன்றவர்கள் நோர்ட்டனுக்குச் சைலன்சரும் வேகப் பாகங்களும் செய்து விற்று அதை ஒரு தொழிலாகவே வளர்த்தார்கள்.

அன்றைய பத்திரிகைகளுக்கு இந்தப் பெடியள் வெறும் தொல்லை. வீதியில் சத்தம், விபத்து, அடிதடி. அவை பொய்யில்லை, கனபேர் செத்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஒருத்தன் காற்றழுத்தத்தையும் எரிதலையும் தன் கையால் படித்துக்கொண்டிருந்தான் என்பதை ஒருவரும் செய்தியாக எழுதவில்லை.

போரில் தோற்ற நாட்டின் மெக்கானிக்

யப்பானில் கதை வேறு மாதிரி. ஹிடியோ யோஷிமுரா 1922இல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானிக்கான பயிற்சியில் காயப்பட்டு, பிறகு விமானப் பொறி வேலைக்கு மாறினார். போர் முடிந்தது, யப்பான் தோற்றது. 1950களில் அவர் தன் ஊரில் கடை போட்டபோது, பக்கத்துத் தளத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் தங்கள் மோட்டார் சைக்கிள்களை வேகமாக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விமான எஞ்சினில் பழகின கை, நேற்றைய எதிரியின் பைக்கைத் திருத்திச் சோறு தேடியது.

1969இல் ஹொண்டா சிபி750 வந்தது. நாலு சிலிண்டர், நாலு காபரேற்றர், நாலு சைலன்சர். 1970களின் தொடக்கத்தில் யோஷிமுரா அந்த நாலு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சைலன்சரில் விட்டார். பாரம் குறைந்தது மட்டுமில்லை. ஒரு சிலிண்டரிலிருந்து வெளியே பாய்கிற வாயு தனக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த இடத்தை விட்டுப்போகும். குழாய்களின் நீளம் சரியாக இருந்தால் அந்த இடம் அடுத்த சிலிண்டரின் வாயுவைப் பிடித்து இழுக்கும். வெளியே போகிற புகையே உள்ளே வருகிற காற்றுக்கு வழி செய்து கொடுக்கும். இன்று எங்கட ஊர்ப் பைக்குகளில் போலியாக ஒட்டித்திரிகிற 'யோஷிமுரா' ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கிற ஆள் இவர்தான்.

இப்படிக் குழாயை மாற்றியவர்கள் நாலு காபரேற்றருக்கும் ஜெற் மாற்றவேண்டி வந்தது. மாற்றிய பிறகு நாலும் ஒரே அளவாக இழுக்கிறதா என்று மானி வைத்துப் பார்க்கவும் வேண்டி வந்தது. சைலன்சர் வாங்கக் காசு போதும், அதை ஒழுங்காக ஓடவைக்க அறிவு வேணும்.

திருகாணியை மூடிய சட்டம்

அமெரிக்காவில் 1978 மாடல் பைக்குகளிலிருந்து புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. சத்தத்துக்கான கட்டுப்பாடு 1983இல் வந்தது. கொம்பனிகள் கலவையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு லீன் ஆக்கின. பைலட் திருகாணியின் வாயில் ஒரு சின்ன உலோக மூடியை அடித்து இறுக்கின. அங்கே விற்ற பல பைக்குகளின் ஊசியில் கிளிப்பை மாற்றுவதற்கான பள்ளங்களும் இல்லை. அமால் காலத்தில் கடையில் எண் பார்த்து வாங்கிய கணக்கு இப்போது பூட்டப்பட்டது. ஆக்கள் விடவில்லை. மெல்லிய துளைப்பானால் மூடியைத் துளைத்துக் கழற்றினார்கள். டைனோஜெற் போன்ற நிறுவனங்கள் ஜெற்றும் பள்ளமிட்ட ஊசியும் சேர்ந்த பொதிகளை விற்றன.

இந்தக் கதையில் சட்டத்தை வில்லனாக்குவது சுகம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ரிச்சாக ஓடுகிற எஞ்சின் கூடுதலாக நஞ்சுப்புகை விடும், அதை மூக்கில் வாங்குகிறது வீதியில் நடந்து போகிற ஆள். எங்கட நாட்டிலும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்பது காரணமில்லாமல் இல்லை. சுத்தமான காற்றுக்கான உரிமையும் தன்னுடைய எஞ்சினைத் திறந்து பார்க்கிற உரிமையும் மோதுகிற இடம் இது. இரண்டும் உண்மையான உரிமைகள்தான்.

பெற்றோலே பூட்டப்பட்டபோது

அங்கே பூட்டப்பட்டது ஒரு திருகாணி. இங்கே 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது பூட்டப்பட்டது பெற்றோலே. வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் எரிபொருள், பற்றரி, சீமெந்து எல்லாம் இருந்தன. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. யாழ்ப்பாணம் சைக்கிளுக்குத் திரும்பியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட கதையை எங்கட வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கதையோடு சேர்ந்து வருகிற இன்னொரு கதை, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்.

இதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், நாங்களும் பகிடியாகக் கேட்போம். உள்ளே இருக்கிற விஞ்ஞானம் பகிடியில்லை. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, அதற்குச் சூடு வேணும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளித்துளியாகவே நிற்கும், பிளக்கின் பொறி அதைப் பிடிக்காது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பொன்னைப் போலப் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். வெள்ளைப் புகையும் மணமும் வீதி முழுக்க நிற்கும்.

பிரித்தானியாவில் ஒரு காலத்தில் ட்ரக்டர்கள் இதே முறையில் ஓடின. ஃபேர்கசன் ட்ரக்டரின் ஒரு வகை பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும். அந்த எஞ்சினை அதற்கென்றே அழுத்தம் குறைத்து வடிவமைத்தது கொம்பனி. யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பனியும் வந்து சொல்லித்தரவில்லை. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை, அது வெறுக்கிற எரிபொருளில் ஓடவைத்தது கராஜ்.

அதற்கு விலையும் இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, பாரம் ஏற்றி முறுக்கினால் எஞ்சின் தட்டும். குடாநாட்டில் மலை ஏற்றம் இல்லாதது ஒரு வகையில் அந்த எஞ்சின்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி படியும், கழற்றித் துடைத்துப் போடவேண்டும், திரும்பவும் படியும். லண்டனில் ஒருத்தன் கூடுதல் வேகத்துக்காகப் பிளக்கின் நிறத்தைப் பார்த்தான். இங்கே ஒருத்தர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேருமா என்று பார்த்தார். பார்த்தது ஒரே விஷயத்தைத்தான்: காற்றும் எரிபொருளும் எந்த அளவில் சேருகின்றன?

இந்த அறிவு ஆம்பிளையளுக்கு மட்டும் சொந்தம் என்று எழுதினால் பாதி வரலாறுதான் வரும். கராஜ் ஆண்களின் இடமாக இருந்தது உண்மை. அதே காலத்தில் வீட்டுக்குள்ளே இன்னொரு காபரேற்றர் எரிந்துகொண்டிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து, சின்னத் திரியை எரியவிட்ட விளக்கு. எவ்வளவு எண்ணெய் விட்டால் எவ்வளவு நேரம் எரியும், திரி எவ்வளவு உயர்ந்தால் புகைக்கும், காற்று எவ்வளவு வேணும் என்று கணக்குப் பார்த்தது பெரும்பாலும் அம்மாக்களும் அம்மம்மாக்களும். ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியது. திரியைக் குறைத்த விரலும் திருகாணியைத் திருப்பிய விரலும் செய்தது ஒரே வேலை.

எழுதப்படாத பாடம்

டேவிட் எட்ஜெர்டன் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் 2006இல் வெளியிட்ட நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக மட்டும் எழுதுவதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆக்கள் உண்மையில் எதைப் பாவித்தார்கள், எதைத் திருத்திப் பாவித்தார்கள் என்பதைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், 1990களின் யாழ்ப்பாணமும் 2002 வரைக்குமான வன்னியும் பின்தங்கிக் கிடந்த இடங்களாகத் தெரியாது. ஒவ்வொரு கராஜும் ஒரு பரிசோதனைக்கூடமாகத் தெரியும். பட்டினியையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் மறந்துவிட்டு 'எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்' என்று பெருமை பேச நாங்கள் இதைச் சொல்லவில்லை. அந்தக் கெட்டித்தனம் கட்டாயத்தில் வந்தது. வராமல் இருந்திருந்தால் அதுதான் நல்லது. ஆனால் வந்த அறிவு அறிவுதான், அது பதியப்படவேணும்.

காலமும் ஓடுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு புதுப் பைக்குகளில் காபரேற்றர் போய் எரிபொருள் இன்ஜெக்சன் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 வரைக்கும் புதுப் பைக் வரவில்லை. அதனால் எங்கட வீதிகளில் காபரேற்றர் இன்னும் ஐந்து வருடம் கூடுதலாக உயிர் வாழ்ந்தது. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கிடைத்தபோது, கலவை கொஞ்சம் ரிச்சாக இருப்பது வெறும் தொழில்நுட்ப விஷயமாக இருக்கவில்லை, கிழமையின் கடைசி நாளில் நடப்பதா ஓடுவதா என்பதாக இருந்தது.

இனி வருவது இன்ஜெக்சன் பைக்தான். புகை குறைவு, எரிபொருள் மிச்சம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. சைலன்சர் மாற்றினால் அதையும் மறுபடி செற் பண்ணத்தான் வேணும், ஆனால் ஸ்குரூ ட்ரைவருக்குப் பதிலாக லப்டொப் வேணும், கொம்பனி பூட்டிய மென்பொருளைத் திறக்கவேணும். 1978இன் உலோக மூடி இப்போது கடவுச்சொல்லாகிவிட்டது.

மண்ணெண்ணெய்க் காலத்தில் இருபது, இருபத்தைந்து வயதில் கராஜில் நின்றவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. அவர்கள் ஒரு நூலும் எழுதப் போவதில்லை. கேட்டால் சொல்லுவார்கள். எத்தனை துளி பெற்றோல் விட்டீர்கள்? ஜெற்றை மாற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா? ஒயிலை எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தினீர்கள், அந்த ஒயில் எங்கிருந்து வந்தது? எந்த மொடல் தாங்கியது, எது தாங்கவில்லை? வீட்டில் அம்மம்மாவிடமும் கேட்கலாம், ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்கு வந்தது என்று. போனில் ஒலிப்பதிவு செய்து, திகதியும் இடமும் குறித்து வைத்தால் அதுவே ஒரு ஆவணம்.

அடுத்த முறை சேர்விசுக்குப் பைக்கை விட்டுவிட்டுக் கதிரையில் இருந்து போன் நோண்டாமல், கிட்டப் போய் நில்லுங்கோ. அண்ணை பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிக்கும்போது, என்ன நிறம் தெரியுது என்று கேளுங்கோ.